நாலு பேர் சேர்ந்து படித்தால்: தொடக்கப் பள்ளியில் குழு வாசிப்புப் போட்டி நடத்துவது எப்படி?

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஆண்டு விழாவுக்கு முன்னால் எங்கள் பள்ளியில் வாசிப்புப் போட்டி நடக்கும். வகுப்புக்கு ஒருவரை டீச்சர் தேர்ந்தெடுத்து அனுப்புவார். யார் போவார்கள் என்பது பள்ளி திறந்த ஜூன் மாதமே எங்களுக்குத் தெரியும். கணீர் குரல் உள்ள ஒரு பெண்தான் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் மேடையேறி வாசிப்பாள், எவர்சில்வர் டப்பா பரிசு வாங்குவாள். மற்ற முப்பத்து நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து கைதட்டுவோம். அந்தப் போட்டிக்காக எங்களில் ஒருவர்கூட ஒரு பக்கம் கூடுதலாகப் படித்ததில்லை. அவளே முந்தின வருடம் வாசித்த அதே பாடத்தைத்தான் மறுபடியும் வாசித்தாள் என்று ஞாபகம்.

கைதட்டியவர்களில் ஒருவன் என் பக்கத்து வீட்டுப் பையன். வகுப்பே சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது அவன் வாயும் அசையும். தனியாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது டூவீலர் மெக்கானிக். நல்ல கைத்தொழில்காரன், என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவனை இ-சேவை மையத்தில் பார்த்தேன். முதல் வகுப்பில் சேரப்போகும் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்க வந்திருந்தான். கையில் இருந்த ஒப்புகைச் சீட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாரேன்" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. எந்தச் சேவைக்கு எங்கே விண்ணப்பிப்பது, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று மாதாமாதம் எழுதுவது என் வேலை. அதில் ஒரு வரிகூட அவனுக்காக எழுதப்பட்டதில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. இந்தியக் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் 'அசர்' ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் இது 42.8 சதவீதமாக இறங்கியிருந்தது. அங்கிருந்து ஏறி வந்திருக்கிறது என்பது உண்மை. நாடு முழுவதும் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

வாசிப்புப் போட்டி நடத்தினால் இது மாறுமா? எங்கள் பள்ளியில் நடந்த மாதிரி நடத்தினால் மாறாது. கீழே உட்கார்ந்திருக்கிறவர்களைப் படிக்க வைக்கும் போட்டி என்று ஒன்று உண்டா என்று தேடியபோது கிடைத்ததுதான் குழு வாசிப்புப் போட்டி. ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரும், நூலகர்களும் தங்கள் ஊரில் நடத்திப் பார்க்க வசதியாக அதை இங்கே விளக்குகிறேன்.

ஓரிகனில் நடக்கும் புத்தகச் சண்டை

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 'பேட்டில் ஆஃப் த புக்ஸ்' என்ற பெயரில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு போட்டி நடக்கிறது. சிகாகோ நகரின் வானொலி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து கிளைத்தது என்பார்கள். இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் விதிகள் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஓரிகன் மாநிலப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 2006-07 கல்வியாண்டிலிருந்து அங்கே நடந்துவருகிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிரிவு. அதற்கு மேல் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்குத் தனித்தனிப் பிரிவுகள்.

தொடக்க வகுப்புப் பிரிவுக்கு 16 கதைப் புத்தகங்கள் கொண்ட பட்டியலை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். நான்கு குழந்தைகள் ஒரு குழு, கூட ஒரு மாற்று உறுப்பினர். மாதக் கணக்கில் படிக்கிறார்கள். ஒருவரே பதினாறையும் படிக்க வேண்டும் என்பதில்லை, தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். போட்டி நாளில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே உட்காரும். கேள்வி கேட்டதும் 15 விநாடி. அதற்குள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று கலந்து பேசி, ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

கேள்விகளில் இரண்டு வகை. முதல் வகை, "எந்தப் புத்தகத்தில் இப்படி ஒரு சம்பவம் வருகிறது?" என்பது. புத்தகத்தின் பெயரைச் சொன்னால் 3 புள்ளி, எழுதியவர் பெயரையும் சொன்னால் மேலும் 2. இரண்டாவது வகையில் புத்தகத்தின் பெயரை அவர்களே சொல்லிவிட்டு உள்ளே நடப்பதைக் கேட்பார்கள். சரியான பதிலுக்கு 5 புள்ளி. எழுத்தாளர் பெயருக்கு என்றே புள்ளி ஒதுக்கியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்மூரில் பெரியவர்களுக்கே கதை ஞாபகம் இருக்கும், எழுதியவர் பெயர் மறந்துவிடும்.

பள்ளிக்குள் வெல்லும் குழு மண்டலத்துக்கும், அங்கே வெல்வது மாநில அளவுக்கும் போகும். அலாஸ்காவில் சாலையே போகாத ஊர்கள் நிறைய. அதனால் மாநில அளவிலான போட்டியைத் தொலைபேசி இணைப்பிலேயே நடத்தியிருக்கிறார்கள். மலைக் கிராமப் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு உடனே ஒத்துவரும், ஒரு வீடியோ அழைப்பு போதும். நியூசிலாந்தில் 1991இல் தொடங்கிய 'கிட்ஸ் லிட் க்விஸ்' போட்டியிலும் குழுவுக்கு நான்கு பேர்தான். நான்கு என்ற எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருவதில் ஒரு காரணம் இருக்கிறது. ஐந்தாறு பேர் ஆனால் ஒருவர் ஒதுங்கி ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு குறை

இந்த முறையை அப்படியே எடுத்து வந்தால் நம் வகுப்பறையில் என்ன நடக்கும்? நன்றாகப் படிக்கும் நான்கு பேர் ஓடிப்போய் ஒரே குழுவாகச் சேர்வார்கள். மற்ற குழுக்களிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாப் புத்தகத்தையும் படித்து எல்லாப் பதிலையும் சொல்லிவிடும். மீதி மூன்று பேர்? பழையபடி கைதட்டு. பெயர்தான் குழுப் போட்டி.

வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் அடிப்படையைச் சொல்லியிருக்கிறார். வாசிக்கத் தெரிந்த குழந்தை நிறைய வாசிக்கிறது, நிறைய வாசிப்பதால் சொல்வளம் கூடுகிறது, அதனால் இன்னும் நன்றாக வாசிக்கிறது. திணறுகிற குழந்தை வாசிப்பதைத் தவிர்க்கிறது, தவிர்ப்பதால் இன்னும் பின்தங்குகிறது. பணம் பணத்தோடு சேரும் என்று நம்மூரில் சொல்வதைப் போலத்தான். போட்டியின் விதிகளைக் கவனமாக அமைக்காவிட்டால் இந்த இடைவெளியைப் போட்டியே பெரிதாக்கிவிடும்.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஸ்லாவின். குழுவாகக் கற்றல் எப்போது பலன் தருகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் வலியுறுத்திய விஷயங்கள் இரண்டு. ஒன்று, குழு முழுவதற்கும் பொதுவான ஓர் இலக்கு வேண்டும். இரண்டாவது, அந்த இலக்கை எட்ட ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகக் கற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் விதியிலேயே இருக்க வேண்டும். அவருடைய முறையில் ஒரு குழந்தையின் மதிப்பெண்ணை வகுப்பின் முதல் மாணவரோடு ஒப்பிட மாட்டார்கள். அதே குழந்தையின் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, எவ்வளவு முன்னேறியது என்று பார்த்துப் புள்ளி தருவார்கள். ஏற்கெனவே முழு மதிப்பெண் எடுப்பவருக்கும் முழுப் புள்ளி உண்டு, அவர் ஏமாற வேண்டியதில்லை.

இந்த ஒரு விதியால் குழுவுக்குள் கணக்கே மாறிவிடுகிறது. உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 22 சொல் வாசிக்கிற குழந்தை 34க்கு வந்தால் அதிகப் புள்ளி கொண்டுவருவது அந்தக் குழந்தைதான். 88இல் இருக்கிற தோழி 92க்குப் போனால் நாலு சொல்தான் கூடும். அப்போது அந்தத் தோழி என்ன செய்வாள்? தன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "வா, நான் சொல்லித்தர்றேன்" என்று பக்கத்தில் போய் உட்காருவாள். ஆசிரியர் சொல்லி வருகிற உதவியைவிட இது பலமானது, ஏனென்றால் இதில் அவளுக்கும் லாபம் இருக்கிறது.

நம் பள்ளிக்கு ஏற்றபடி

இனி செயல்முறைக்கு வருவோம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்தலாம். ஈராசிரியர் பள்ளி என்றாலும் கவலை இல்லை. இருபது குழந்தைகள் இருந்தால் ஐந்து குழு. ஆறு வாரம் போதும்.

முதல் வாரம் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அழைத்து, அறிமுகமில்லாத ஒரு சிறு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை சொல்லைச் சரியாக வாசித்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் வைத்துச் செய்தால் என் பக்கத்து வீட்டுப் பையனைப் போல் தலைகுனிந்து நிற்பவர்கள்தான் மிஞ்சுவார்கள். அந்த நோட்டு ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். அதை வைத்து, சரளமாக வாசிக்கும் ஒருவர், நடுத்தரமாக இரண்டு பேர், திணறும் ஒருவர் என்று குழு பிரியுங்கள். குழுப் பெயரைக் குழந்தைகளே வைக்கட்டும். (கட்டாயம் ஒரு குழுவுக்கு 'தோனி' என்று பெயர் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.)

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக உருவாக்கிய சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. நுழை நிலையில் சின்னச் சின்னச் சொற்கள், பற நிலையில் கொஞ்சம் நீண்ட கதை. அவை உங்கள் பள்ளியில் இருந்தால் படிநிலைக்கு இரண்டாக எட்டு நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கான 'ஊஞ்சல்' இதழ்களில் வரும் கதைகளும், பள்ளி அலமாரியில் இருக்கும் படக்கதைகளும் போதும். எளிது, நடுத்தரம், கொஞ்சம் கடினம் என்று கலந்து எட்டு. பாடப்புத்தகக் கதை மட்டும் வேண்டாம். அதைத் தொட்டதும் குழந்தைகளுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும்.

இப்போது முக்கியமான விதி: எட்டு நூலில் ஒவ்வொன்றையும் குழுவில் குறைந்தது இரண்டு பேர் படித்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு நான்கு நூல் வரும். திணறும் குழந்தைக்கு எளிய நிலைகளின் நான்கு நூலையும் கொடுத்துவிடலாம். அந்தக் கதைகளுக்கு அந்தக் குழந்தைதான் குழுவின் நிபுணர். மற்ற குழந்தைகள் சந்தேகம் வந்தால் அதனிடம் வந்து கேட்க வேண்டியிருக்கும். வகுப்பில் யாரும் எதையும் வந்து கேட்காத ஒரு குழந்தைக்கு இது என்ன செய்யும் என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தினமும் இருபது நிமிடம் குழுவாக உட்கார்ந்து படிக்கட்டும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்று ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979இலேயே எழுதியிருக்கிறார். சும்மா "மறுபடி வாசி" என்றால் குழந்தைக்குச் சலிக்கும். கதையில் வருகிறவர்களைப் பங்கு பிரித்து, நரிக்கு ஒரு குரல், காகத்துக்கு ஒரு குரல் என்று வாசிக்க வைத்தால் பத்து தடவைகூட வாசிப்பார்கள்.

கேள்வி எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது

எத்தனை வடை சுட்டாள், நரி எந்தப் பக்கமாக வந்தது என்ற ரகக் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை கதையைப் படித்தவரையும் மனப்பாடம் செய்தவரையும் பிரித்துக் காட்டாது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டி வடை கதையையே எடுத்துக்கொள்வோம். "எந்தக் கதையில் ஒருவர் தன்னைப் புகழ்ந்ததை நம்பிச் சாப்பாட்டை இழக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். காகம், நரி, பாட்டி, வடை எதுவுமே கேள்வியில் இல்லை. கதையின் உள்ளே போனவருக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். ஓரிகனின் "எந்தப் புத்தகத்தில்" வகைக் கேள்வி இதுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "எந்தக் கதையில் ஒருவர் தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தை வேறொருவர் என்று நினைக்கிறார்?" என்று ஒரு கேள்வி எழுதினேன். முயல் ஏமாற்றிய சிங்கத்தை மனதில் வைத்துத்தான் எழுதினேன். என் அக்கா மகள், மூன்றாம் வகுப்பு, யோசிக்காமல் "எலும்புத் துண்டைக் கவ்விட்டுப் போன நாய்!" என்றாள். அவள் சொன்னதும் சரிதானே? பட்டியலில் இரண்டு கதையும் இருந்தால் போட்டி நாளில் பெரிய ரகளையே நடக்கும். "உருவத்தைப் பார்த்துச் சண்டைபோட உள்ளே குதிக்கிறார்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சிங்கம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு கேள்வியையும் மற்ற ஏழு கதைகளோடும் வைத்துச் சரிபாருங்கள்.

இன்னும் நல்ல வழி, கேள்விகளைக் குழந்தைகளையே எழுதச் சொல்வது. நான்காவது வாரத்திலிருந்து ஒவ்வொரு குழுவும் ஒரு கதைக்கு மூன்று கேள்வி எழுதி ஒரு டப்பாவில் போடட்டும். அதிலிருந்து ஆசிரியர் பொறுக்கித் திருத்திக்கொள்ளலாம். எதிரணியை மடக்கும் கேள்வி எழுத வேண்டுமென்றால் கதையை இன்னும் இரண்டு தடவை படித்தே ஆக வேண்டும். ஐந்து குழு என்றால் எட்டுக் கதைக்கு 120 கேள்வி சேர்ந்துவிடும், ஆசிரியருக்கும் வேலை மிச்சம்.

போட்டி நாள்

மூன்று சுற்று போதும். முதலில் 'எந்தக் கதை?', அடுத்து 'கதைக்குள்ளே', கடைசியில் 'சேர்ந்து வாசி'.

முதல் இரண்டு சுற்றுகளில் ஓரிகன் விதியில் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே குழுவின் சார்பில் ஒருவரே பதில் சொல்லிவிடலாம். இங்கே குழுவில் உள்ளவர்களுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்துவிடுங்கள். கேள்வியைக் கேட்டு, கலந்து பேச நேரம் கொடுத்து, அதன்பிறகு சீட்டு எடுத்து, "மூன்றாம் எண் எழுந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். ஸ்பென்சர் கேகன் என்ற கல்வியாளர் பரப்பிய முறை இது. யார் எண் வரும் என்று தெரியாததால், பதில் தெரிந்தவர் மற்ற மூன்று பேருக்கும் சொல்லிப் புரியவைத்தே தீர வேண்டும். எழுந்து நிற்கும் குழந்தைக்கும் பயமில்லை, பதிலை இப்போதுதான் குழு பேசி முடித்திருக்கிறது. 15 விநாடி நம் குழந்தைகளுக்குப் போதாது என்பது என் எண்ணம். 30 கொடுங்கள்.

மூன்றாவது சுற்றைப் போட்டி நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களில் தனித்தனியாகவே முடித்துவிட வேண்டும். முதல் வாரம் செய்ததைப் போல, அதே அளவு கடினமான ஒரு புதிய பத்தி, ஒரு நிமிடம். கூடிய சொற்களுக்கு ஏற்ப அதிகபட்சம் 10 புள்ளி. ஆரம்பத்திலேயே சரளமாக வாசித்தவர் அப்படியே வாசித்தாலும் 10. நான்கு பேர் புள்ளியையும் கூட்டி, குழுவின் மொத்தத்தை மட்டும் மேடையில் அறிவியுங்கள். மேடையில் இந்தச் சுற்றுக்கு ஒவ்வொரு குழுவும் தங்களுக்குப் பிடித்த கதையின் ஒரு பக்கத்தைக் குரல் மாற்றி வாசித்துக் காட்டட்டும். அதற்குப் புள்ளியே வேண்டாம்.

எது பிழை, எது பிழை இல்லை?

நடுவர்களாக உட்காருபவர்கள் இதை ஒரு தடவை பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசிப்பில் குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது என்பது ஆங்கில வாசிப்பைப் போல் இருக்காது. நம் மொழியில் எழுத்தைத் தெரிந்துகொண்டால் ஒலி பெரும்பாலும் வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். 'கெ', 'கே', 'கை' எழுத்துகளில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. 'கொ', 'கோ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பிறகு சொல்லின் நீளம். 'படி' என்று வாசிக்கிற குழந்தை 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பதைப் பார்த்ததும் நின்றுவிடும். தெரியாத சொல் என்று நினைத்துத் திட்டாதீர்கள். 'படித்து', 'கொண்டு', 'இருந்தார்கள்' என்று விரலால் மறைத்து மறைத்துக் காட்டினால் தானே வாசிக்கும். குழுவில் உள்ள மூத்த பிள்ளைக்கு இந்த விரல் வித்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து பேச்சு வழக்கு. புத்தகத்தில் 'போனார்கள்' என்று இருக்கும், குழந்தை கண்ணால் அதைப் பார்த்துவிட்டு 'போனாங்க' என்று வாசிக்கும். பல நடுவர்கள் உடனே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார்கள். யோசித்துப் பாருங்கள், எழுத்து எழுத்தாகக் கூட்டுகிற குழந்தைக்கு 'போனாங்க' வராது. அது 'போ...னா...ர்...' என்றுதான் இழுக்கும். முழுச் சொல்லையும் ஒரே பார்வையில் பிடித்து, பொருளையும் புரிந்துகொண்டு, தன் வீட்டு மொழிக்கு மாற்றிச் சொல்லும் குழந்தைதான் அப்படி வாசிக்கும். அதற்குப் புள்ளி குறைக்க வேண்டாம். போட்டி முடிந்தபிறகு அச்சில் எப்படி இருக்கிறது என்று காட்டினால் போதும்.

ழகரமும் அப்படித்தான். தென் மாவட்டங்களில் 'பளம்' என்பார்கள், சென்னையில் 'பயம்' என்றே கேட்கும். வாசிப்புப் போட்டியை உச்சரிப்புப் போட்டியாக மாற்றிவிட்டால் வீட்டில் கேட்ட மொழிக்காகக் குழந்தைக்குத் தண்டனை கொடுத்தது போல் ஆகும். பொருள் மாறுகிற அளவுக்குச் சொல்லை மாற்றி வாசித்தாலோ, ஒரு வரியை விட்டுவிட்டாலோ மட்டும் பிழை என்று குறித்துக்கொள்ளலாம்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. முதல் பரிசுக்குப் பெரிய கோப்பை வேண்டாம் என்பேன். எட்டு நூலையும் விதிப்படி படித்து முடித்த குழு எல்லாவற்றுக்கும் சான்றிதழ், வென்ற குழுவுக்கு நான்கு கதைப் புத்தகம். அந்த நான்கையும் அவர்கள் மாற்றி மாற்றிப் படித்துக்கொள்வார்கள்.

சொற்களை எண்ணும் போட்டி நமக்குப் புதிதல்ல. 2022 ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வி மையங்கள் வழியாக, கைபேசிச் செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடந்தது. லட்சக்கணக்கான குழந்தைகள் பங்கேற்றார்கள். குழந்தை சத்தமாக வாசிக்க வாசிக்கச் செயலி கேட்டுக்கொண்டே வரும், தவறினால் திருத்தும். வீட்டில் வாசிக்கக் கேட்க ஆள் இல்லாத குழந்தைக்கு அது பெரிய துணை. ஆனால் "அந்த நரிக்கு வடை கிடைச்சிருக்கக் கூடாது" என்று செயலியோடு சண்டை போட முடியாது. அதற்கு மூன்று தோழர்கள் வேண்டும்.

பெற்றோர் கேட்கலாம்

இதெல்லாம் பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ், இதழ்களோடு கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. கதைப் புத்தகம் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நம்ம ஸ்கூல்ல புத்தக அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்கு? பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். கிழிந்துவிடுமே என்ற பயத்தில் பூட்டி வைத்திருக்கும் ஆசிரியர்களும் உண்டு. கிழிந்தால் ஒட்டித் தருகிறோம் என்று பெற்றோர் பொறுப்பேற்றால் அலமாரி திறக்கும்.

பள்ளியில் புத்தகம் போதவில்லை என்றால் ஊரில் இருக்கும் கிளை நூலகத்தையோ ஊர்ப்புற நூலகத்தையோ அணுகலாம். நாடு விடுதலை பெற்றபின் இந்தியாவில் முதலாவதாக வந்த பொது நூலகச் சட்டம், 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதுதான். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். குழந்தைகளை உறுப்பினராகச் சேர்ப்பதற்கான படிவமும் விவரமும் நூலகரிடமே கிடைக்கும். போட்டிக்கு நடுவராக வரச் சொல்லி அவரையே அழைக்கலாம், பெரும்பாலும் சந்தோஷமாக வருவார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இதில் இடம் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளை வாசிக்க, நீங்கள் கேளுங்கள். பிழை திருத்த வேண்டியதில்லை. நடுவில் நிறுத்தினால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டால் போதும். ஊர்த் திரும்பும்போது இதை என் மெக்கானிக் நண்பனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "நான் கேட்டா அவளுக்குத் தெரிஞ்சிடாதா, எனக்குப் படிக்க வராதுன்னு?" என்றான். தெரிந்தால் என்ன, அவள் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கினால், ஆறாவது வாரம் நவம்பர் 14 குழந்தைகள் தினத்தையொட்டி வரும். தேசிய நூலக வாரமும் அன்றுதான் தொடங்கி 20ஆம் தேதி வரை நடக்கிறது. இறுதிச் சுற்றைக் கிளை நூலகத்திலேயே வைத்துக்கொண்டால் குழந்தைகள் அன்றைக்கே உறுப்பினர் படிவத்தையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.